அந்தக் குழுவை விட்டு வராதே

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மெயிலைப் படித்தேன், உன் வாப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் "சரிம்மா, பார்த்துக்கிறேன்" என்று நீ முடித்துவிடுவாய், எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சர்வசமயக் குழுவில் உன்னைச் சேர்த்துக்கொண்டவர்கள், வாடகைக்கு வீடு மறுக்கப்படுகிறவர்களைப் பற்றிப் பேச நீ தயாராகப் போயிருந்தபோது, "இஸ்லாத்தில் பெண்கள் நிலை" என்ற தலைப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீயும் பேசினாய், பேச்சின் நடுவே தலாக் ஆன பெண்களுக்கு ஜீவனாம்சம் கிடைப்பதில்லை என்று ஒரு வரி சொன்னாய், அந்த ஒரு வரிக்காக நம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் உன்னைத் தனியாக அழைத்து, நம் வீட்டு விஷயத்தை அடுத்தவர் முன்னால் பேசலாமா என்று கேட்டிருக்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. விலகிவிடலாமா என்று கேட்கிறாய்.

விலகாதே. ஏன் என்று சொல்கிறேன்.

நீ சின்ன வயதில் மதரஸாவில் படித்ததுதான், ஹில்ஃபுல் ஃபுளூல் என்ற உடன்படிக்கை. இப்போது வக்கீலாக அதை மறுபடி நினைத்துப் பார். ஏமன் நாட்டு வியாபாரி ஒருவர் மக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்தார், மக்காவின் குறைஷிக் குலத்தில் பெரிய ஆளான ஆஸ் இப்னு வாஇல் என்பவர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கவில்லை. வெளியூர்க்காரர், அங்கே சொந்தபந்தம் கிடையாது, கேட்க நாதியில்லை. அபூ குபைஸ் மலையில் ஏறி நின்று கூவி நியாயம் கேட்டார். அதற்குப் பிறகுதான் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சிலர் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அந்தச் சபையில் இளைஞராக நம் நபி (ஸல்) இருந்தார்கள். நபித்துவம் வருவதற்கு முன்பு நடந்தது அது, அந்த வீட்டில் இருந்த மற்றவர்கள் முஸ்லிம்கள் இல்லை என்று உனக்கே தெரியும். பின்னாளில், இஸ்லாம் வந்த பிறகும் அப்படி ஒரு உடன்படிக்கைக்கு அழைத்தால் போவேன் என்று அவர்களே சொன்னார்கள். மற்ற மதத்தவரோடு ஒரே மேசையில் உட்காருவதற்கு நமக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. அங்கே யாரும் யாருக்கும் தன் மதத்தை விளக்கிச் சொல்லவில்லை என்பதையும் கவனி. ஒரு மனிதரின் பாக்கிப் பணத்தை வாங்கிக் கொடுக்கக் கூடினார்கள், வாங்கியும் கொடுத்தார்கள்.

என் எண்ணம் இதுதான் மகளே, ஒருவர் மற்றவர் வழக்கைத் தன் வழக்காக எடுக்கும்போதுதான் மத நல்லிணக்கம் என்பது உண்மையாகிறது. நோன்பு திறக்கும் நிகழ்ச்சிக்கு நாலு மதத்தவரும் வந்து கஞ்சி குடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வது நல்ல காரியம்தான், நான் குறை சொல்லமாட்டேன், முகம் தெரிந்தால் பிறகு கை கொடுப்பது சுலபம். ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஒரு கலவர நாளில் அந்தப் போட்டோ யாரையும் காப்பாற்றாது.

அஸ்மா ஜஹாங்கீரை உனக்குத் தெரியும், லாகூர் வக்கீல், 2018 பிப்ரவரியில் மவுத்தானார். இருபது வயதுகூட நிரம்பாதபோதே இராணுவ ஆட்சி தன் தந்தையைச் சிறை வைத்ததை எதிர்த்து வழக்குப் போட்டவர். 1972இல் அந்த வழக்கில்தான் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் இராணுவத் தளபதி யஹ்யா கானின் ஆட்சியையே சட்டவிரோதம் என்றது. நான் உனக்குச் சொல்ல வந்தது இன்னொரு வழக்கு. மசூதிச் சுவரில் நபியை இழிவுபடுத்தி எழுதினான் என்று சலாமத் மசீஹ் என்ற கிறிஸ்தவச் சிறுவன் மீதும் இன்னும் இரண்டு பேர் மீதும் குற்றம் சாட்டினார்கள். அந்தப் பையனுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. விசாரணைக்கு வந்து திரும்பும்போது மூவரில் ஒருவரை நீதிமன்றத்துக்கு வெளியிலேயே சுட்டுக் கொன்றார்கள். 1995 பிப்ரவரியில் பையனுக்கு மரண தண்டனை விதித்தது கீழ் நீதிமன்றம். மேல்முறையீட்டில் அஸ்மா வாதாடினார், வெளியே கூட்டம் கொலைவெறியோடு நின்றது, அவருடைய காரை அடித்து நொறுக்கி டிரைவரைத் தாக்கினார்கள். லாகூர் உயர் நீதிமன்றம் அதே மாதத்தில் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவர் இரண்டு வருடம் கழித்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதே அஸ்மாதான் 1983இல், இரண்டு பெண்களின் சாட்சி ஒரு ஆணின் சாட்சிக்குச் சமம் என்று வரவிருந்த சட்டத்தை எதிர்த்து லாகூர்த் தெருவில் தடியடி வாங்கிய பெண்களோடு நின்றவர். தீவிரவாதக் குற்றம் சாட்டப்பட்டவர்களை இராணுவ நீதிமன்றத்தில் வைத்து விசாரிப்பதை எதிர்த்ததும் இவர்தான். கிறிஸ்தவப் பையனுக்காகப் பேசியபோது காஃபிர், அதாவது இறைமறுப்பாளர், என்றவர்கள் இருந்தார்கள், தாடி வைத்தவர்களின் உரிமைக்காகப் பேசியபோது இவருக்கு என்ன ஆயிற்று என்றவர்களும் இருந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அவர் ஒரே சட்டப் புத்தகத்தைத்தான் காட்டினார். 2004 முதல் 2010 வரை ஐ.நா.வின் மதச் சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளராக இருந்தபோது இலங்கைக்கும் வந்தார், இந்தியாவுக்கும் வந்தார். அவர் இறந்தபோது நடந்த ஜனாஸா தொழுகையில் பெண்கள் ஆண்களோடு முன்வரிசைகளில் நின்றார்கள் என்பதைச் சிலர் இன்றும் குற்றமாகச் சொல்கிறார்கள். தொழ வைத்தவர், ஜமாஅத்தே இஸ்லாமியை நிறுவிய மௌலானா மௌதூதியின் மகன்.

ஷிரீன் எபாடியைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றது உனக்கே தெரிந்திருக்கும். ஈரானில் நீதிபதியாக இருந்தவர், 1979 புரட்சிக்குப் பிறகு பெண் நீதிபதியாக இருக்கக் கூடாது என்று அவர் தலைமை வகித்த அதே நீதிமன்றத்தில் அவரைக் குமாஸ்தா ஆக்கினார்கள். 2003இல் நோபல் சமாதானப் பரிசு, முஸ்லிம் பெண்களில் முதலாவதாக. நம் ஆட்கள் மேடையில் இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு 2008இல் சிறையில் இருந்த ஏழு பஹாய் தலைவர்களுக்காக வாதாட அவர் முன்வந்ததுதான் எனக்குப் பெரிது. அங்கே ஒடுக்கப்படுகிற சிறுபான்மை மதத்தவரான பஹாய்களுக்காக ஈரானில் பேசுவது என்றால் என்ன என்று யோசி. அந்த வருடமே அரசுச் செய்தி நிறுவனம் அவருடைய மகள் பஹாயாக மதம் மாறிவிட்டாள் என்று செய்தி போட்டது. தாயை அடிக்க மகளைப் பிடித்தார்கள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். உனக்கும் நாளைக்கு என்ன பெயர் சூட்டுவார்களோ தெரியாது, சூட்டினால் உன் உம்மாவும் வாப்பாவும் உன் பக்கம் நிற்போம், அதை மட்டும் இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

சரி, அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவரைத் திட்டாதே. நம்மைப் பற்றித் தப்பாகப் பேச ஒரு கூட்டம் காத்திருக்கிற காலத்தில் அவருடைய பயம் வெறும் பிடிவாதம் கிடையாது. இலங்கைப் பெண்கள் இந்தப் பயத்தின் நடுவில்தான் வேலை செய்தார்கள், அதனால் அவர்களிடம் நீ படிக்க வேண்டியது அதிகம்.

அங்கே முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951இல் வந்தது. மணப்பெண்ணின் கையெழுத்து தேவையில்லை, வலி, அதாவது அவளுடைய ஆண் பொறுப்பாளர், போட்டால் போதும். முஸ்லிம் திருமண வழக்குகளைத் தீர்க்கும் காதி நீதிபதி ஆணாகத்தான் இருக்க முடியும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையைக்கூட காதியின் அனுமதியோடு கட்டிக்கொடுக்க அந்தச் சட்டம் இடம் விட்டது. கணவன் காரணம் சொல்லாமல் தலாக் சொல்லலாம், மனைவி வேண்டுமென்றால் காதி முன்னால் நின்று சாட்சியோடு கணவனின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். அங்குள்ள கல்வியாளர் ஜெசீமா இஸ்மாயில் போன்றவர்கள் 1980களிலிருந்தே இதைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தார்கள். 2009இல் அரசு ஒரு குழு போட்டது, அந்தக் குழு அறிக்கை கொடுக்க 2018 ஆனது. ஒன்பது வருடம்! அந்த வருடங்களில் கட்டிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளை நினைத்துப் பார்.

அப்புறம் 2019 ஏப்ரல், ஈஸ்டர் தாக்குதல். முகம் மூடத் தடை வந்தது, அதைச் சாக்காக வைத்து வெறும் ஸ்கார்ஃப் போட்டவர்களைக்கூட ஆஸ்பத்திரி வாசலிலும் அலுவலக வாசலிலும் திருப்பி அனுப்பினார்கள். மே மாதம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் கொளுத்தினார்கள். அதுவரை நம் பெண்களைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படாதவர்கள் எல்லாம் திடீரென்று அந்தத் திருமணச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், முஸ்லிம்களை அடிக்க அது நல்ல தடியாகத் தெரிந்தது. 2021இல் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று அரசு போட்ட ஒரு செயலணி (பணிக்குழு), அதற்குத் தலைவராக முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசியே பெயர் வாங்கிய பௌத்த பிக்கு ஞானசார தேரர். அந்த நேரத்தில் சட்டத் திருத்தம் கேட்ட பெண்கள் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடியிருந்தால் இன்னொரு தலைமுறைப் பெண்பிள்ளைகள் போய்விடும், அந்தச் செயலணியோடு சேர்ந்தால் சொந்தச் சனத்தையே காட்டிக்கொடுத்ததாகும். அவர்களில் பலர் இரண்டும் செய்யவில்லை. திருத்தம் வேண்டும் என்று முன்பு சொன்ன அதே குரலில் சொன்னார்கள், அந்தச் செயலணி வேண்டாம் என்றும் சொன்னார்கள், கடை எரிந்தவர்களுக்காகவும் பேசினார்கள்.

அப்படிப் பேசியவர்களில் ஷிரீன் சரூர் ஒருவர், மன்னாரைச் சேர்ந்தவர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்களே, ஏறத்தாழ 75,000 பேர், அதில் அவருடைய குடும்பமும் உண்டு. அந்தக் கோபத்தோடு தமிழர்கள் பக்கமே திரும்பாமல் இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மன்னாரில் இடம்பெயர்ந்த முஸ்லிம் பெண்களையும் போரில் எல்லாம் இழந்த தமிழ்ப் பெண்களையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவர உழைத்தார். ஒரே மொழி பேசுகிற, ஒருவரை ஒருவர் நம்பாத பெண்கள். அவர்களை ஒன்றாக உட்கார வைக்க மதத்தைப் பற்றிய சொற்பொழிவு தேவைப்படவில்லை, காணி, வருமானம், காணாமல்போன பிள்ளைகள், வீட்டுக்குள் நடக்கும் அடி என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவான துயரம் போதுமானதாக இருந்தது.

கென்யாவின் வஜீர் மாவட்டத்தில் தேகா இப்ராஹிம் அப்தி என்று ஒரு பெண் இருந்தார், 2011இல் கார் விபத்தில் இறந்துபோனார். அவருடைய ஊரில் சண்டை முஸ்லிம்களுக்குள்ளேயே, குலத்துக்கும் குலத்துக்கும். 1990களின் தொடக்கத்தில் அவரும் இன்னும் சில பெண்களும் சந்தையில் ஆரம்பித்தார்கள், எந்தக் குலத்துப் பெண்ணாக இருந்தாலும் பாலும் காய்கறியும் விற்கலாம், வாங்கலாம் என்று. தடுப்பவர்களைக் கவனிக்கப் பெண்களையே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் குலத் தலைவர்களிடம் போய்ச் சமாதானம் பேசினார்கள். பின்னாளில் முஸ்லிம்–கிறிஸ்தவப் பிரச்சினையிலும் அவர் இறங்கி வேலை செய்தார். ஒரு சந்தையை ஒழுங்காக நடத்தத் தெரிந்த பெண்களை யாரும் வெறும் அடையாளத்துக்காக மேடையில் உட்கார வைக்க முடியாது.

நம் தமிழ்நாட்டிலேயே புதுக்கோட்டை ஷரீஃபா கானம் இருக்கிறார். ஜமாஅத்தில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து, சம்பந்தப்பட்ட பெண்ணை உள்ளேகூட விடாமல் அவளுடைய தலாக்கைத் தீர்மானிக்கிறார்கள் என்பதால் பெண்களுக்கென்று ஒரு ஜமாஅத்தையே உண்டாக்கினார். அந்தப் பெரியவரிடம் இவரைப் பற்றி நீ மரியாதையாகவே கேட்கலாம், ஜமாஅத் அந்தப் பெண்களைக் கேட்டிருந்தால் அவர்கள் வெளியே போயிருப்பார்களா என்று. சூரத்துன் நிஸா 135ஆம் வசனத்தையும் நினைவுபடுத்து. உங்களுக்கோ, உங்கள் பெற்றோருக்கோ, நெருங்கிய உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்றுதானே அல்லாஹ் சொல்கிறான். நம் ஆட்களின் தப்பை மறைத்துவிட்டு அடுத்தவரிடம் நியாயம் கேட்க அதில் இடமே இல்லை.

அதனால் அடுத்த கூட்டத்தில் நீ தலைப்பை மாற்று. உன் மதத்தில் பெண்கள் நிலை என்ன என்று கேட்டால், சொல்கிறேன், அதோடு நம் எல்லாருடைய வீட்டுப் பெண்களின் ஜீவனாம்ச வழக்குகளையும் சேர்த்தே எடுப்போம் என்று சொல். கோயில்காரர், சர்ச்காரர் எல்லார் வீட்டிலும் அது இருக்கிறது. வீடு மறுக்கப்பட்டவர்கள் விஷயத்தை நீயே எடுத்து வைக்காதே, வேறு மதத்தவர் ஒருவரை எடுத்து வைக்கச் சொல், அவர் செய்கிறாரா பார். பதிலுக்கு அவர்கள் ஆட்களில் யாருக்காவது நம் ஆட்களால் அநீதி நடந்திருந்தால் அந்தக் கோப்பை நீ கேட்டு வாங்கு. முதலில் ஒரே ஒரு வழக்குப் போதும், கட்டணம் வாங்காமல் நடத்து, முடியும்வரை விடாதே. உரை நிகழ்த்தக் கூப்பிட்டால் போ, ஆனால் அதை வேலையாக எடுத்துக்கொள்ளாதே.

குழுவில் வேறு பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று நீ எழுதவே இல்லை. இருந்தால் ஆண்கள் இல்லாமல் அவர்களைத் தனியாக ஒரு நாள் பார்த்துப் பேசு. அதற்குப் பிறகு எனக்கு எழுது. வழக்குச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டால் தயங்காமல் கேள், வாப்பா அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வஸ்ஸலாம்,
உன் உம்மா