இரத்தத்தில் இல்லையென்றால் பன்றியிலேயே இல்லையா?

பன்றிகளுக்கு நோயில்லாச் சான்று தரும் விதிகளை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

பன்றிகளுக்குக் கருச்சிதைவையும் மூச்சுக் கோளாறையும் தரும் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. சான்றோடு வந்த பன்றிகளைத் தனிக் கொட்டிலில் வைத்து, மறுபடியும் இரத்தம் எடுத்து, 'வைரஸ் இல்லை' என்று முடிவு வந்த பிறகுதான் மந்தையில் சேர்த்தோம். சில வாரங்களில் நிறைசினைப் பன்றிகள் வரிசையாகக் குட்டி வீசின. சில குட்டிகள் முழு உருவத்தோடு செத்து விழுந்தன, சில கருத்துச் சுருங்கிக் கிடந்தன. உயிரோடு பிறந்தவை மடியைத் தேடிப் போகத் தெம்பில்லாமல், படுத்த இடத்திலேயே வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்கின. கையில் சான்றிதழ் பத்திரமாக இருந்தது.

என் கோரிக்கை ஒன்றுதான்: இரத்தத்தோடு நிறுத்தாமல் தொண்டையில் இருக்கும் டான்சில் சதையையும் சோதியுங்கள்.

இந்த வைரஸ் உருவாவதற்கு ஜிபி5, எம் என்ற இரண்டு மேற்பரப்புப் புரதங்கள் ஜோடி சேர வேண்டும். சேராவிட்டால் துகளே உருவாகாது. ஜிபி2, ஜிபி3, ஜிபி4 என்ற மற்ற மேற்பரப்புப் புரதங்கள் இல்லாமல் துகள் உருவாகும், ஆனால் செல்லுக்குள் நுழையாது. பன்றியின் செல்லில் உள்ள சிடி163 என்ற கதவைத் திறப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. இத்தனை முக்கியமான ஜிபி5 சர்க்கரை மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. வைரஸை முடக்கும் எதிர்ப்புப் புரதங்கள் தாமதமாகவும் குறைவாகவும் வருவதற்கு அந்தப் போர்வையும் ஒரு காரணம். அதற்குள் வைரஸ் இரத்தத்தை விட்டு டான்சிலிலும் நிணநீர்க் கணுக்களிலும் போய்த் தங்கிவிடுகிறது. தொற்றி 157 நாள் ஆன பன்றியின் தொண்டையிலிருந்தும் அதை உயிரோடு பிரித்தெடுத்திருக்கிறார்கள். நீங்கள் நம்பும் எலைசா என்ற இரத்தச் சோதனையோ பெரும்பாலும் வைரஸுக்குள் இருக்கும் 'என்' (N) என்ற புரதத்துக்கான எதிர்ப்புப் புரதத்தைத்தான் காட்டுகிறது. அது வைரஸைத் தடுப்பதுமில்லை. மாதங்கள் போனால் அளவு குறைந்து 'இல்லை' என்றும் வரக்கூடும்.

மரபணுச் சோதனையின் கதை வேறு. சுமார் 15,000 எழுத்துள்ள மரபணுவில் ஜிபி5-க்கான 600 எழுத்தைப் படித்துவிட்டு 'இது இன்ன வகை' என்று அறிக்கை தருகிறார்கள். மற்றப் புரதங்கள் எல்லாம் விடுமுறையில் இருக்கின்றன போலும். 1991-இல் நெதர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் இது. இன்னுமா பழகவில்லை?

சரி, கோபத்தைக் குறைத்துக்கொள்கிறேன். டான்சில் மாதிரி எடுப்பது சிரமம்தான்: பன்றியின் வாயைத் திறந்து பிடிக்க ஆள் வேண்டும், நேரமும் ஆகும். எல்லாப் பன்றிக்கும் கேட்கவில்லை. வேறு மந்தைக்குப் போகும் இனப்பெருக்கப் பன்றிகளுக்காவது இரத்தத்தோடு டான்சில் சோதனையையும் கட்டாயமாக்குங்கள். அதுவரை, 'இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை' என்று மட்டும் சான்றில் எழுதுங்கள். 'நோயற்றது' என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பன்றி வளர்ப்பவர் ஒருவர்