எந்த விளக்கில் எடுத்த படம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கட்டுரை நன்றாகவே இருந்தது. கூடவே அரைப் பக்கத்துக்கு ஒரு படம். பச்சையும் ஆரஞ்சுமாகப் பவளங்கள் அடுப்புக் கங்கு போல் ஒளிர, சுற்றிலும் ஒரே நீலம். அந்த நீலமும் அச்சில் ஊதாவாக விழுந்திருந்தது. என் பேத்தி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுத் தொட்டி முன் போய் நின்றாள். படத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்புச்சி, நம்முடையது மட்டும் ஏன் அழுது வடிகிறது?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் 34 ஆண்டுகள் டையிங் மாஸ்டராக இருந்தவன். பையர், அதாவது துணி வாங்கும் கம்பெனிக்காரர், அனுப்பும் விரல் அகலத் துணித் துண்டுக்கு இணையாக நிறம் பிடித்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் தொழிலில் வெறுமனே நீலம் என்று ஒன்று கிடையாது; எந்த வெளிச்சத்தில் நீலம் என்று கேட்போம். லைட் பாக்ஸ் என்றொரு பெட்டி இருக்கும். அதற்குள் பகல் வெளிச்சத்துக்கு டி65 என்ற விளக்கு, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84, குண்டு பல்பு ஒன்று, புற ஊதா ஒன்று. ஒரு விளக்கில் அண்ணன் தம்பி போல் இருக்கும் இரண்டு துணிகள், அடுத்த விளக்கைப் போட்டதும் முகம் தெரியாத அந்நியர்கள் ஆகிவிடும். மெட்டமெரிசம் என்று இதற்குப் பெயர். எந்த விளக்கில் பார்த்தது என்று எழுதாமல் லேப் டிப் அட்டையை, அதாவது சாயமிட்ட மாதிரித் துணி ஒட்டிய அட்டையை, அனுப்பினால் அப்படியே திரும்பி வரும்.

ஓய்வு பெற்ற பிறகு, மாப்பிள்ளை ஆசையாக வைத்த தொட்டி என் பொறுப்புக்கு வந்து சேர்ந்தது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், அதே உயரம். ஏறக்குறைய 190 லிட்டர். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரைப் பவளத்துக்குக் காட்டவே கூடாது. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல் உப்பைக் கரைத்து ஊற்றுகிறோம். அடர் கறுப்புச் சாயத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்புப் போட்டுப் பழகிய கை இது. என் சாயத்தொட்டி கடலைவிட உப்பாக இருந்தது என்பதை இந்த வயதில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த உப்பெல்லாம் நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியதும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த கதை. அதைப் பேச ஆரம்பித்தால் கடிதம் முடியாது.

படத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் பழைய கேமராவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் வீட்டில் சும்மா கிடந்தன. முதல் நாள் இரவு நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் மீனுக்குக் குறுக்கே வெள்ளையாக ஓர் உருவம் நின்றது. "அப்புச்சிப் பேய்!" என்று பேத்தி சிரித்தாள். என் வேட்டியும் சட்டையும்தான் கண்ணாடியில் தெரிந்திருக்கின்றன. மறுநாள் கட்டிங் வேஸ்ட்டில் ஒரு கறுப்புத் துணி எடுத்து, நடுவில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அறை விளக்கையும் அணைத்துவிட்டு எடுத்தேன். பேய் போய்விட்டது.

நீலம் போகவில்லை. தொட்டி விளக்கில் பெரும்பங்கு 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம். அதன் அட்டையில் 20,000 கெல்வின் என்று போட்டிருக்கிறது. ஒளியின் நிறத்தைச் சொல்லும் கணக்கு அது; எண் ஏற ஏற நீலம் கூடும். என் கேமராவில் அந்த எண்ணை 10,000 வரைதான் ஏற்ற முடியும். கண்ணும் மூளையும் சேர்ந்து சமாளித்துக்கொள்ளும் நீலத்தைக் கேமராவால் சமாளிக்க முடியாமல், படம் முழுக்க நீலப்பொடியைக் கரைத்து ஊற்றியதுபோல் வருகிறது. இதற்கு வழி, அந்த விளக்கின் கீழேயே ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டி, "இதுதான் வெள்ளை" என்று கேமராவுக்குச் சொல்லிக் கொடுப்பது.

பனியன் ஊர்க்காரனுக்கு வெள்ளைத் துணிக்கா பஞ்சம் என்று, நன்றாக வெளுத்த துண்டு ஒன்றைப் பிடித்தேன். படம் மஞ்சள் காமாலை கண்டதுபோல் வந்தது. மூன்று நாள் குழம்பிய பிறகுதான் உறைத்தது. வெளுத்த பனியன் துணியில் வெண்மையூட்டி போட்டிருப்போம். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் அதை ஒட்டிய ஊதா ஒளியையும் வாங்கி நீலமாகத் திருப்பித் தரும் சரக்கு. தொட்டி விளக்கில் ஊதா எல்.இ.டி.களும் உண்டு. துணி கூடுதல் நீலத்தைக் காட்ட, கேமரா அதற்கு ஈடாக மஞ்சளை ஏற்றிவிட்டது. முப்பது வருடம் பிறருக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தில் நானே தவறினேன். பிறகு வெண்மையூட்டி படாத, சாயம் போடத் தயாராக இருக்கும் ஆர்.எஃப்.டி. துணி ஒரு துண்டு வாங்கி, விளக்குக்கு நேர் கீழே, தண்ணீருக்கு மேலே பிடித்து எடுத்தேன். தொட்டி விளக்கின் வெள்ளை எல்.இ.டி.களையும் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் கூட்டிக்கொண்டேன். அன்றுதான் கோமாளி மீனின் ஆரஞ்சு, ஆரஞ்சாக விழுந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லென்ஸ் கண்ணாடிக்கு நேராக இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் விளிம்புகளில் நிறம் பிரிந்து படம் இழுபடும். கண்ணாடியின் உள்பக்கப் பாசியைக் காந்தத் துடைப்பானால் எடுக்கும்போது இடையில் ஒரு மணல் சிக்கினால் கீறல் நிரந்தரம். நீந்தும் மீன் கலங்காமல் விழ ஷட்டர் வேகம் 1/160 நொடியாவது வேண்டும் என்று படித்துவிட்டு ஒரேயடியாக 1/500க்குப் போனேன். எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால், நிட்டிங்கில் பட்டை விழுந்த துணி போல் படத்தில் கோடு கோடாக ஓடியது.

பவளத்தை எடுக்கும்போது அலை பம்பை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் அது ஆடாது, தண்ணீரில் மிதக்கும் தூசும் அடங்கும். ஒரு நாள் இரவு நிறுத்திவிட்டு, ஊரிலிருந்து வந்த போனைப் பேசிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டேன். காலை ஐந்து மணிக்கு இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பிழைத்துக்கொண்டன. என் மனம்தான் அன்று முழுக்க ஆறவில்லை. இப்போதெல்லாம் பம்பை நிறுத்தினால் வாசல் விளக்கையும் சேர்த்து அணைத்துவிடுகிறேன். வாசல் இருட்டாகக் கிடந்தால் என் வீட்டுக்காரம்மா போடும் சத்தத்துக்கு எந்த அலாரமும் ஈடாகாது.

இனி உங்கள் படம். அந்தக் கங்கு நிறம் பொய் என்று நான் சொல்லவில்லை. பல பவளங்களின் உடலில் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தரும் புரதங்கள் இருக்கின்றன. சொறிமீன் ஒன்றில் கண்டெடுத்த இத்தகைய பச்சைப் புரதத்துக்காக 2008இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கொடுத்தார்கள். வெறும் நீல விளக்கை மட்டும் எரியவிட்டு, லென்ஸுக்கு முன் மஞ்சள் வடிகட்டியை மாட்டினால் நீலம் அடிபட்டு அந்த ஒளிர்வு மட்டும் உள்ளே வரும். அழகுதான். நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் வடிகட்டி இல்லாத கண்ணுக்கு அது தொட்டியில் அப்படித் தெரியாது. லைட் பாக்ஸில் புற ஊதா விளக்கை மட்டும் போட்டுப் பார்த்த நிறத்தைப் பகல் நிறம் என்று பையருக்கு அனுப்புவதும் இதுவும் ஒன்றேதான்.

அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. விற்பவர் ஒருவர் போனில் அனுப்பிய படத்தை நம்பி மாப்பிள்ளை 2,800 ரூபாய்க்குப் பொத்தான் பவளக் கொத்து ஒன்று வாங்கினார். படத்தில் மரகதப் பச்சை. தொட்டியில் வைத்தால் காப்பித்தூள். எங்கள் தொழிலில் இப்படி நிறம் மாறினால் மறுபடி சாயம் போட்டு, விமானக் கூலியையும் நாமே கட்டி அனுப்ப வேண்டும். இதில் கேட்பார் இல்லை. இத்தனைக்கும் அந்தக் காப்பி நிறத்தில் ஒரு குறையும் இல்லை. பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசியின் நிறம் அது. அந்தப் பாசி வெளியேறினால்தான் பவளம் வெளுக்கும். 2016இல் மன்னார் வளைகுடாவில் அப்படி வெளுத்தது. மாப்பிள்ளை அதை வெயில் படும் நேரத்தில் பார்த்து இப்போது சமாதானம் ஆகிவிட்டார். காலை எட்டு மணிக்குக் கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் காப்பி நிறத்துக்குள் மெல்லிய தங்கரேகை ஒன்று தெரியும். அதைத்தான் நான்கு மாதமாகப் படம் பிடிக்க முயன்றுகொண்டிருக்கிறேன். இன்னும் சிக்கவில்லை.

இடையே ஒன்று. உங்கள் படத்தில் முன்னால் இருந்தவை கல் பவளங்கள் என்று என் கண்ணுக்குப் பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல் பவளங்களும் கடல்விசிறிகளும் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றம். கட்டுரையில் அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கடைக்குக் கிளம்புகிறவன் அதைத் தெரிந்துகொண்டு கிளம்பட்டும். எங்கள் தொட்டியில் கல் பவளம் ஒன்றுகூட இல்லை; பாறையும் சுட்ட மண்ணில் செய்ததே.

நான் கேட்பது பெரிதல்ல. இத்தகைய படங்களைப் போடும்போது, எடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில், எந்த விளக்கில் எடுத்தது, வடிகட்டி போட்டதா, கணினியில் நிறம் கூட்டியதா என்று ஒரு வரி சேருங்கள். ஆடை விளம்பரத்தில்கூட நிறம் சற்று மாறுபடலாம் என்று பொடி எழுத்திலாவது போடுகிறார்கள்.

ஒரே பவளத்தை ஒரே இரவில் மூன்று விதமாக எடுத்த படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். விளக்கு, கெல்வின், நொடி எல்லாம் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. தாங்கள் விரும்பினால் வெளியிடலாம். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது என்றால் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டையிங் மாஸ்டர் ஒருவர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.