ஏர்க்காலிலிருந்து விழுந்த பிள்ளை

கேஸ்பர், வயோமிங்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். காற்றுதான் ஓய மாட்டேன் என்கிறது. ஊர் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, மழை குறைவு, உதடு வெடிக்கிற வறட்சி. இந்த வறட்சியைப் பற்றிக் கீழே திரும்ப வரவேண்டியிருக்கும்.

போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் மாட்டு வண்டி கட்டி மேற்கே குடியேறப் போனவர்களின் ஓரிகன் பாதை இந்த வழியாகத்தான் போனது. இங்கே கெர்ன்சி ஊர்ப் பாறையில் அந்த வண்டிச் சக்கரம் அறுத்த தடத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த வண்டியில போன பிள்ளைங்க ஏன் அவ்வளவு செத்துச்சு?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தடம் சில இடங்களில் ஐந்தடி ஆழம். மிசூரியிலிருந்து ஓரிகனுக்கு ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். நாளுக்கு 24 கிலோமீட்டர் போனால் நல்ல நாள். போய்ச்சேர ஐந்தாறு மாதம். 1840-களில் தொடங்கி, 1869-ல் ரயில் வரும்வரை மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் மேற்கே போனார்கள். சினிமாவில் காட்டுவதுபோல அம்புபட்டுச் செத்தவர்கள் கொஞ்சம்தான். 1840-க்கும் 1860-க்கும் இடையில் பூர்வகுடிகள் கொன்ற பயணிகள் 362, பயணிகள் கொன்ற பூர்வகுடிகள் 426 என்பது வரலாற்றாய்வாளர் ஜான் அன்ரூவின் கணக்கு. மற்ற சாவுகளுக்கெல்லாம் பெரும்பாலும் தண்ணீரும் சக்கரமும்தான் காரணம்.

முதலில் சக்கரம், உங்களுக்குத் தெரிந்த விஷயம். வண்டிக்கு நாலு சக்கரம், பெட்டி சுமார் பத்தடி நீளம், நாலடி அகலம். மேலே வளைத்த மரச் சட்டங்கள், அதன்மேல் ஆளிவிதை எண்ணெய் ஊறவைத்த கித்தான். குலுக்கல் தாங்கும் வில்பட்டை கிடையாது, குலுக்கல் முழுக்க உடம்பில்தான் இறங்கும். ஒரு டன் வரை பாரம். இரண்டு மூன்று ஜோடி மாடு. நம்மூர் வண்டிக்காரர் ஏர்க்காலை ஒட்டி உட்கார்ந்து மூக்கணாங்கயிற்றைக் கையில் வைத்திருப்பார் இல்லையா, இங்கே அது இல்லை. மாட்டுக்குக் கயிறே கிடையாது. ஓட்டுகிறவர் இடப்பக்கம் நடந்துகொண்டே சாட்டையாலும் குரலாலும் ஓட்டுவார். நிறுத்த வேண்டுமென்றாலும் கத்தித்தான் நிறுத்த வேண்டும்.

பிள்ளைகள் இந்த வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் முன்பக்கம், ஏர்க்காலில் கால்வைத்துத்தான். அதுவும் வண்டி ஓடும்போதே. அங்கே தவறினால் விழுவது முன்சக்கரத்துக்கு முன்னால். பின்சக்கரம் அதே தடத்தில் வரும், அதனால் ஒரே உடம்பின்மேல் இரண்டு சக்கரமும் ஏறும். 1843 ஜூலை 18-ஆம் தேதி ஜோயல் ஹெம்ப்ரீ என்ற ஆறு வயசுப் பையனுக்கு நடந்தது இதுதான். மறுநாள் இறந்தான். பின்னால் வந்த கூட்டத்தில் ஒருவரான நெஸ்மித் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: புதுக் குழிமேல் கல் குவித்திருந்தது, ஒரு குச்சியில் சீட்டு கட்டியிருந்தது, இன்னாருடைய பிள்ளை, வண்டி ஏறிச் செத்தான் என்று. இந்தப் பாதையில் இன்னார் குழி என்று அடையாளம் தெரிந்தவற்றில் மிகப் பழையது அதுதான். இங்கிருந்து கிழக்கே, டக்ளஸ் ஊர்ப்பக்கம், ஒரு பண்ணை நிலத்தில் இருக்கிறது.

அடுத்த வருஷம் கேத்தரின் சேகர், ஒன்பது வயசு. ஓடும் வண்டியிலிருந்து குதிக்கும்போது பாவாடை கோடரிப் பிடியில் மாட்டி, கால் சக்கரத்தடியில் போய் எலும்பு முறிந்தது. அப்பாவே எலும்பைச் சேர்த்துக் கட்டினார், பிள்ளை பிழைத்தது. சில வாரத்தில் அப்பா காய்ச்சலில் போனார், அப்புறம் அம்மாவும். ஏழு பிள்ளைகள் அநாதை. வண்டியின் பக்கவாட்டில் கோடரியைத் தொங்கவிட்டது யார் புத்தியோ.

இனி தண்ணீர். 1848 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் கப்பலோடு இறங்கிய காலரா, நீராவிப் படகில் மிசிசிப்பி வழியாக மேலேறி, அடுத்த வசந்தத்தில் வண்டிகள் கிளம்பும் ஊர்களுக்கு வந்துவிட்டது. அதன் பூர்வீகம் நம் நாட்டுப் பக்கம், கங்கைக் கழிமுகம். பாதை ஒட்டிப் போகும் பிளாட் ஆற்றங்கரையில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தங்குவார்கள். ஆற்றுநீர் கலங்கல் என்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிப்பார்கள், நாம் வைகையில் தோண்டுவதுபோல. முந்தின நாள் தங்கியவர்கள் பத்தடி தள்ளி வெளிக்கு இருந்திருப்பார்கள். தெளிவாகத் தெரிந்த அந்த ஊற்றுநீர்தான் கொன்றது. காபி போடக் கொதிக்கவைத்ததைக் குடித்தவர்களுக்கு ஆபத்து குறைவு, ஆனால் ஏனென்று அவர்களுக்குத் தெரியாது.

ரேச்சல் பேட்டிசன் என்ற பதினெட்டு வயசுப் பெண். 1849 ஏப்ரலில் கல்யாணம், ஜூன் 19-ல் நெப்ராஸ்காவின் ஆஷ் ஹாலோவில் சாவு. காலையில் நோய் கண்டது, இரவில் இறந்தாள் என்பதோடு புருஷனின் குறிப்பு முடிந்துவிடுகிறது. ஆஷ் ஹாலோவில் நல்ல ஊற்றுநீர் உண்டு. ஆனால் காலரா வெளியில் தெரிய சில மணி நேரமும் ஆகலாம், ஐந்து நாளும் ஆகலாம், ஆகவே அவள் குடித்த கெட்ட தண்ணீர் பின்னால் விட்டுவந்த ஆற்றங்கரையிலாகத்தான் இருக்கும்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. 1845-ல் வந்த வழிகாட்டி நூலின்படி ஒரு ஆளுக்கு மாவு 90 கிலோ, உப்புப் பன்றிக்கறி 68 கிலோ, காபி நாலரை, சர்க்கரை 9, உப்பு நாலரை. ஒரு லிட்டர் காய்ச்சின தண்ணீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கலந்து விடாமல் கொடுத்திருந்தால் காலரா கண்டவர்களில் பாதிக்கு மேல் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். இரண்டும் வண்டியிலேயே இருந்தன. கொடுத்ததோ பேதி மருந்தும் அபினும். தண்ணீர் கேட்டால் தரக்கூடாது என்ற வைத்தியர்களும் உண்டு. இப்படி வாய்வழியாகக் கொடுக்கும் கரைசல் பலிக்கும் என்று டாக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்து நிரூபித்தது 1968-ல்.

புதைப்பதும் அவசரம்தான். பெட்டி செய்ய மரமில்லை. ஓநாய் தோண்டாமலிருக்க வண்டித்தடத்திலேயே குழி வெட்டி, மூடி, அதன்மேல் எல்லா வண்டியையும் ஓட்டிப் போவார்கள். அதனால்தான் பெரும்பாலான குழிகள் எங்கே என்றே தெரியவில்லை.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. இந்த வறட்சியில் சக்கரத்தின் மரம் சுருங்கி, சுற்றியிருக்கும் இரும்புப் பட்டை கழன்றுவிடும். ராத்திரி சக்கரத்தை ஆற்றில் ஊறப்போடுவார்கள், அல்லது பட்டைக்கும் வட்டைக்கும், அதாவது சக்கரத்தின் மர விளிம்புக்கும், நடுவே ஆப்பு அடிப்பார்கள். கோடையில் நீங்கள் எதைச் செய்வீர்கள்? என்ன மரத்தில் ஆப்பு? பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ராசு