பிடிவாதம் இல்லை, சலிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளர்ந்த குதிரையைச் சவாரிக்குப் பழக்குவது வீண் வேலை, பிடிவாதம்தான் மிஞ்சும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் பழக்கிய பெட்டைக்குதிரைக்கு அப்போது 11 வயது. இரண்டு குட்டி போட்டது. முதுகில் சேணம் ஏறியதே இல்லை. குதிரைக்கு முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வயதாவது ஆகும் என்பதால், இளங்குட்டி மேல் ஏறும்போது வரும் பயம் எனக்கு இல்லை. பொறுமைதான் இல்லை.

நீளக் கயிற்றில் கட்டி தினமும் முக்கால் மணி நேரம் வட்டமாகச் சுற்றவிட்டேன். முதல் வாரம் காதை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடியது. மூன்றாவது வாரம் கயிற்றைப் பார்த்ததுமே மூலைக்குப் போய் எனக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. நானும் அதைப் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். முதலில் பல், முதுகு, சேணம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். வலி எதுவும் இல்லை.

அன்று வெறுத்துப்போய் கயிற்றை அவிழ்த்துவிட்டு நடந்தேன். வேலியிலிருந்து விழுந்த கட்டை ஒன்று குறுக்கே கிடந்தது. பின்னாலேயே வந்தவள் தலையைத் தாழ்த்தி முகர்ந்தாள். அப்புறம் ஒவ்வொரு காலாகத் தூக்கி, குளம்பு படாமல் தாண்டினாள். காது இரண்டும் முன்னால்! பார்த்து எத்தனை நாளாயிற்று.

மறுநாளே கட்டைகளைத் தரையில் பரப்பினேன். நடைக்கு முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி. ஓட்டத்துக்கு அதைவிட அகலம். தினம் இடத்தை மாற்றினேன். வட்டச் சுற்று பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. ஓயாமல் சுற்றுவது மூட்டுக்கும் நல்லதல்ல. மற்ற நேரம் நீளமான வார்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தபடி மரங்களுக்கிடையே ஓட்டிப்போவேன். போகும்போது இடக்கண்ணால் பார்த்துச் சும்மா கடந்த பாறையை, திரும்பி வரும்போது வலக்கண்ணால் பார்த்து மிரண்டாள். ஆக ஒரே பாதையில் இரண்டு பாடம்.

தினமும் ஒரே மாதிரி செய்தால்தான் மனதில் பதியும் என்று அந்த வாசகர் சொன்னது பாதி சரி. சைகை மாறக்கூடாது. நில் என்றால் என்றும் அதே குரல், லகானில் அதே இழுப்பு; நின்ற கணமே இழுப்பைத் தளர்த்திவிட வேண்டும், அந்தத் தளர்வில்தான் குதிரை கற்கிறது. வேலை மட்டும் மாறலாம். சரியாகச் செய்துவிட்டால் அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள். ‘இன்னும் ஒரு தடவை’ என்று நான் கெடுத்த நாட்கள் ஏராளம்.

முதன்முதலாக ஏறிய அன்று ஆறேழு அடி நடந்தாள், இறங்கிவிட்டேன். மூன்று வருடமாகச் சவாரி போகிறோம். கயிற்றை எடுத்தால் மட்டும் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி