தனியார் பாலர்பள்ளிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் பிள்ளையைத் தனியார் பாலர்பள்ளியில் சேர்ப்பதா, கல்வி அமைச்சின் பாலர்பள்ளியில் சேர்ப்பதா என்ற கேள்வி இவ்வாண்டு எங்கள் வீட்டில் எழுந்துள்ளது. 2003-இல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, குடிமக்களின் பிள்ளைகள் தொடக்கநிலை 1 முதல் பெரும்பாலும் தேசியப் பள்ளிகளுக்கே செல்வதால், தனியாரா அரசாங்கமா என்று எடைபோடும் வாய்ப்பு எங்களைப் போன்ற பெற்றோருக்குப் பாலர் பருவத்தில்தான் கிடைக்கிறது.

கட்டணத்தை மட்டும் பார்த்தால் முடிவு எளிது. கல்வி அமைச்சின் பாலர்பள்ளியில் குடிமக்கள் மாதம் 160 வெள்ளி செலுத்துகிறார்கள். அதே வளாகத்திலுள்ள தொடக்கப்பள்ளியில் சேர, பல கட்டங்களாக நடக்கும் பதிவில் முன்னுரிமை பெறும் 2ஏ கட்டத்திலேயே பதிவுசெய்யும் தகுதியும் கிடைக்கிறது. ஆயினும் அங்கு ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இடம். பாட நேரமும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான்; அதற்குப் பிந்திய பராமரிப்புக்குத் தனியே பதிய வேண்டும். தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு, ஒன்றரை வயது முதலே பிள்ளையை ஏற்று, காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை பார்த்துக்கொள்ளும் தங்கள் நிலையங்கள் பெரும் துணை என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தமிழ் என்று வரும்போது அந்தத் துணை கிடைப்பதில்லை. கல்வி அமைச்சின் பாலர்பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் ஆகிய மூன்றும் கற்பிக்கப்படுகின்றன. தனியார் நிலையங்கள் பலவற்றிலோ தாய்மொழி வகுப்பு என்றால் சீன வகுப்பு மட்டுமே. அண்மையில் நாங்கள் பார்க்கச் சென்ற ஒரு நிலையத்தில், கதவருகே ஒட்டியிருந்த கால அட்டவணையில் நாள்தோறும் சீன மொழிக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்நேரத்தில் தமிழ்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டோம். சீன வகுப்பிலேயே உட்காரலாம், விருப்பமில்லையென்றால் ஓரத்து மேசையில் வண்ணம் தீட்டலாம் என்றார்கள். தமிழுக்குப் போதிய பிள்ளைகள் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். வகுப்பே இல்லாத இடத்தில் தமிழ்ப் பெற்றோர் எப்படிச் சேர்ப்பார்கள்? அவர்கள் வராததையே காரணம் காட்டி வகுப்பைத் தொடங்காமலிருப்பது முறையாகாது.

பிள்ளை சீனம் கற்பதில் எனக்கு மகிழ்ச்சியே. எனினும் அதே பிள்ளை தொடக்கநிலை 1-இல் தமிழ் வகுப்பில் உட்கார வேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அதன் நான்கு பாடங்களுள் ஒன்று தமிழ். வீட்டில் பேசிக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவும் இயலாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்தும் அதற்கு மேலும் வயதான சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவதாகவும், 2.5 விழுக்காட்டினர் தமிழ் பேசுவதாகவும் தெரியவந்தது. இந்த நிலையில், ஆசிரியர் ஒருவர் கதை சொல்லி, பாட்டுப் பாடி, பிள்ளையைத் தமிழில் பதில் பேசவைக்கும் அந்தச் சிறு நேரத்தை இழப்பது பேரிழப்பு.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் ஏற்பாடு அன்று. செங்காங், பொங்கோல் போன்ற இளங்குடும்பங்கள் மிகுந்த வட்டாரங்களில் ஒரே நிறுவனத்துக்குப் பல கிளைகள் இருந்தால், தமிழாசிரியர் ஒருவர் நாளுக்கு ஒரு கிளை என்று சுற்றிவர முடியும். நாள்தோறும் வகுப்பு நடத்துவதற்கு அது ஈடாகாதுதான். ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல். வயது வேறுபட்ட பிள்ளைகளையும் ஒரே குழுவாக அமர்த்திக் கற்பிக்கலாம். ஆசிரியர் கிடைப்பது அரிது என்பதை நான் மறுக்கவில்லை. நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தமிழையும் பாலர் கல்வியையும் இணைத்த பட்டயப் படிப்பு தொடங்கப்பட்டதும் இத்தகைய ஆசிரியர்களை உருவாக்கத்தான். அப்படிப் படித்து வருவோருக்கு வேலை கொடுக்கும் இடங்களும் பெருக வேண்டும்.

அதுவரையில் ஒன்றையேனும் உடனே செய்யுங்கள். தங்கள் நிலையத்தில் எந்தெந்தத் தாய்மொழிகள் உண்டு, இல்லாத மொழிக்கு எத்தனை பிள்ளைகள் சேர்ந்தால் வகுப்புத் தொடங்குவீர்கள் என்பதை, முன்பணம் வாங்குவதற்கு முன்பே பெற்றோரிடம் எழுத்தில் கொடுங்கள். அந்த எண்ணிக்கை தெரிந்தால், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு நாங்களே தங்களிடம் வருவோம்.

இப்படிக்கு,
பாலர்பள்ளி தேடும் ஒரு தமிழ்த் தாய்
சிங்கப்பூர்