மழை வந்தாலும் மூடாத படிப்பகம் வேண்டும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

வணக்கம்.

திருப்பூரில் எங்கள் வீதியில் இருப்பது பெரும்பாலும் லைன் வீடுகள். ஒரு வரிசைக்கு எட்டு வீடு, ஒரே தண்ணீர்க் குழாய். தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களே அதிகம். இப்போது ஒடிசா, பீகார்க் குடும்பங்களும் இருக்கின்றன. பிள்ளைகள் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுவார்கள். அப்பா அம்மா இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட் என்றால் வீடு திரும்ப இரவு எட்டரை தாண்டிவிடும். நடுவில் உள்ள அந்த நான்கு மணி நேரத்துக்குத்தான் இந்த வேண்டுகோள்.

வீட்டுப்பாடம் இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. அந்தக் குரூப் இருக்கும் போனோ அம்மாவோடு கம்பெனிக்குப் போய்விடுகிறது. அம்மா வந்து, சோறு பொங்கி, போனைக் கையில் கொடுக்கும்போது மணி ஒன்பதரை. அந்த நேரத்தில் இருபடிச் சமன்பாட்டை யாரிடம் போய்க் கேட்பது?

இதற்காகத்தான் மூன்று வருடங்களுக்கு முன்பு பிள்ளையார் கோயில் திண்ணையில் மாலைப் படிப்பகம் தொடங்கினோம். 2021-இல் அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் எங்கள் வீதியிலும் ஒரு தங்கை பாடம் சொல்லிக்கொடுத்தார். அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கிற பிள்ளைகள் ஓரமாக நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. பன்னிரண்டு பேரோடு ஆரம்பித்தோம், இப்போது முப்பத்தெட்டுப் பேர் வருகிறார்கள்.

இங்கே ஒரே ஒரு விதி: விடையைச் சொல்லித் தருவதில்லை. விடை எங்கேயும் கிடைக்கும். கைடில் இருக்கிறது, போனில் கேட்டால் இரண்டு நொடியில் வந்து விழுகிறது. ஒரு பையன் அறிவியல் நோட்டில் குவிலென்ஸ் கதிர்ப்படத்தை அச்சு மாதிரி வரைந்து வந்திருந்தான். "பொருளை இன்னும் கிட்ட கொண்டு வந்தா பிம்பம் எங்கடா விழும்?" என்று கேட்டதற்கு, "அது படத்துல இல்லீங்கண்ணா" என்றான். அவனிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தோம். எதிர் டீக்கடை பல்பைச் சுவரில் தலைகீழாக விழவைத்து, முன்னே பின்னே நகர்த்தி, முக்கால் மணி நேரம் விளையாடினான். பிறகு படத்தை அவனே வரைந்தான். கோடு கொஞ்சம் கோணல்தான், ஆனால் அவன் கோடு.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு ஆள். தமிழுக்கு ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். 'நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா' என்று அவர் தொடையில் தாளம் தட்டத் தொடங்கினால் ஒடிசாப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும். அவர்களில் ஒரு சிறுமி கூட்டல் கழித்தலில் எல்லாரையும் முந்துவாள், ஆனால் கணக்கைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் பேந்தப் பேந்த விழிப்பாள். அவளுக்கு வரவேண்டியது கணக்கு இல்லை, 'மீதி எவ்வளவு' என்கிற வாசகம். அதற்கு அவள் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குக்கு சனிக்கிழமை தோறும் ஒரு மெர்ச்சண்டைசர் தம்பி, அதாவது பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிப்பவர், வருவார். போன மாதம் கம்பெனியிலிருந்து ஜிஎஸ்எம் கட்டரை எடுத்து வந்தார். துணியை வட்டமாக வெட்டும் கருவி அது. வெட்டி விழும் வட்டத்தின் பரப்பு சரியாக 100 சதுர சென்டிமீட்டர். "அப்படீன்னா ஆரம் எவ்வளவு?" என்று கேட்டார். பை மதிப்பை வைத்துப் பிள்ளைகள் முட்டி மோதி 5.64 சென்டிமீட்டர் என்று கண்டுபிடித்தார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் கிட்டத்தட்ட அதேதான். அந்த வட்டத்தின் எடை 1.8 கிராம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். "எங்கம்மா தினம் இதத்தான் சொல்லும், 180 ஜிஎஸ்எம், 180 ஜிஎஸ்எம்னு" என்றாள் ஒரு எட்டாம் வகுப்புப் பெண். அன்று இரவு அவள் அம்மாவுக்கு வட்டத்தின் பரப்பளவைப் பாடம் எடுத்திருக்கிறாள். மறுநாள் அந்த அம்மாவே வந்து சொல்லிச் சிரித்தார்.

எங்கள் தவறையும் சொல்லிவிட வேண்டும். 2018, 2019-இல் பாடநூல்கள் மாறிவிட்டன. நாங்கள் படித்தது வேறு புத்தகம். பழைய ஞாபகத்தில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போய், ஒரு பிள்ளைக்குத் தேர்வில் நாலு மதிப்பெண் போனது எங்களால்தான். ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது என்று அன்று உறைத்தது. புதிய பாடத்தைப் படித்துத் தேறிய கல்லூரி மாணவிகள் இருவர் தினமும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களைச் சும்மா வரச் சொல்ல மனசு வரவில்லை. பஸ் காசும் கைச்செலவும் யார் கொடுப்பது?

அப்புறம் மழை. ஐப்பசி கார்த்திகையில் திண்ணையில் சாரல் அடிக்கும். போன வருடம் பதினோரு நாள் மூடிவிட்டோம், அதுவும் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில். எட்டாம் வகுப்பில் ஆறு பேர் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் வரும். பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், வாழும் வீட்டுக்கு அது சின்னக் காசு இல்லை. அந்த ஆறு பேரில் ஒருத்தி தேறினாள். மீதி ஐந்து பேருக்கும் மழைதான் காரணம் என்று சொல்லமாட்டோம், ஆனால் மனசு கேட்கவில்லை.

கோயிலுக்கு எதிர் வரிசையில் இரண்டு அறை உள்ள வீடு ஒன்று காலியாகியிருக்கிறது. வீட்டுக்காரர் வாடகையை 6,000-லிருந்து 4,500-க்குக் குறைத்துத் தருகிறார். அட்வான்ஸ் 30,000. அதைத்தான் குறைக்கமாட்டேன் என்கிறார், சரி, பரவாயில்லை, அது திரும்பி வரும் பணம். ஒரு வருட வாடகை 54,000. கல்லூரி மாணவிகள் இருவருக்கும் மாதம் மூவாயிரம் வீதம் பத்து மாதத்துக்கு 60,000. தரையில் உட்கார்ந்து எழுதும் நீள டெஸ்க் எட்டுக்கு 11,200, வெள்ளைப் பலகை இரண்டுக்கு 3,600, ஃபேன் இரண்டுக்கு 4,000, வருட மின்கட்டணம் 7,200, ஜெராக்ஸ், ஜியோமெட்ரி பாக்ஸ், நோட்டு எல்லாம் சேர்த்து 6,000. ஆகமொத்தம் 1,76,000 ரூபாய். வீதிக்குள்ளேயே 41,500 சேர்ந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் அம்மாக்கள் சனிக்கிழமைச் சம்பளத்திலிருந்து ஐம்பதும் நூறுமாகக் கொடுத்தது. இன்னும் 1,34,500 வேண்டும்.

எங்களிடம் 80ஜி சான்று இல்லை. வருமான வரிச் சலுகை எதிர்பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கோயில் சுவரில் ஒட்டப்படும். பணமாக முடியாதவர்கள் டெஸ்க் ஒன்றுக்கான பலகையோ, ஓடுகிற பழைய ஃபேனோ தரலாம். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு மாலை ஒதுக்க முடிந்தால் அதுவும் பெரிய உதவி. ஆங்கிலத்துக்குத்தான் எங்களிடம் ஆளே இல்லை. பழைய கைடுகளை மட்டும் தயவுசெய்து வேண்டாம், ஏற்கெனவே இரண்டு மூட்டை கிடக்கிறது.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் சாவி வாங்கியாக வேண்டும். பொருளாளர் தினமும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை திண்ணையில் இருப்பார். சம்பளம் வாங்கி வரும் வழியில் எட்டிப் பாருங்கள். மழை பெய்தால் எதிர் டீக்கடையில் கேளுங்கள்.

இப்படிக்கு,
மாலைப் படிப்பகக் குழுவினர்