அது மக்காச்சோளம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த, பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ராபர்ட் பீல் பற்றிய ‘கட்சித் துரோகி’ கட்டுரையை ஆவலோடு படித்தேன். 1829-ல் அவர் லண்டன் போலீஸை உருவாக்கியதும், ராபர்ட் என்ற பெயர் சுருங்கி போலீஸ்காரருக்கே ‘பாபி’ என்று பெயரானதும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால், அவர் பதவியைக் காவு வாங்கிய சட்டத்தை ‘மக்காச்சோளச் சட்டம்’ என்று எழுதிவிட்டீர்கள். ‘கார்ன் லாஸ்’ என்ற அதன் ஆங்கிலப் பெயரில் ‘கார்ன்’ என்றால் தானியம், முக்கியமாகக் கோதுமை. தானியச் சட்டம் என்பதே சரி.

சின்னப் பிழைதானே என்று விட மனம் வரவில்லை. பீலின் கதையில் நிஜமான மக்காச்சோளமும் வருகிறது. இரண்டும் கலந்துபோனால் அவர் என்ன செய்தார் என்பதே புரியாது.

1815 சட்டப்படி, உள்நாட்டுக் கோதுமை விலை குவார்ட்டருக்கு (அது அன்றைய தானிய அளவு) 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்க முடியாது. பிற்பாடு இதை ஏறி இறங்கும் வரியாக மாற்றினார்கள். லாபம் நிலக்கிழார்களுக்கு, ரொட்டி விலை ஆலைத் தொழிலாளியின் தலையில். பீல் பருத்தி ஆலை முதலாளியின் மகன்தான். ஆனால் அவருடைய கட்சி நிலக்கிழார்களின் கட்சி. சட்டத்தைக் காப்பாற்றுவார் என்று நம்பித்தான் 1841-ல் அவரைப் பிரதமர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

1845-ல், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்தில், ஏழைகளின் முக்கிய உணவான உருளைக்கிழங்கு நோய் கண்டு அழுகியது. மக்காச்சோளம் வருவது இங்கேதான். வெளியே தெரியாமல், பேரிங் என்ற லண்டன் வங்கி நிறுவனம் மூலம் அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு அதை வாங்க பீல் ஏற்பாடு செய்தார். வந்து இறங்கியது கல் மாதிரி இருந்தது. அதை இரண்டு முறை அரைக்க வேண்டும். அங்கே அதற்கேற்ற ஆலைகள் போதவில்லை. அரைகுறையாக அரைத்து, அரைவேக்காடாகத் தின்றவர்களுக்கு வயிறு கெட்டது. அந்த மஞ்சள் மாவை ‘பீலின் கந்தகம்’ என்றே ஐரிஷ் மக்கள் அழைத்தார்கள். ஆனாலும் முதல் வருடத்தில் பல உயிர்களைப் பிடித்துவைத்தது அதுதான். கொத்துக்கொத்தாகச் சாவு விழுந்தது அவர் பதவி விலகிய பிறகு.

சரி, ‘கட்சித் துரோகி’ என்ற உங்கள் தலைப்புக்கு வருகிறேன். பஞ்சத்தைப் பார்த்த பீல், காப்பாற்றுவார் என்று நம்பிய அந்தச் சட்டத்தையே நீக்க முன்வந்தார். 1846 மே 15-ல் அவருடைய தானியச் சட்ட நீக்க மசோதா 327-க்கு 229 என்று நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் தேறியது. கைகொடுத்தது எதிர்க்கட்சி; சொந்தக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிராக நின்றார்கள். ஜூன் 25 இரவு மேலவையான பிரபுக்கள் சபை அதை நிறைவேற்றியது. அதே இரவு காமன்ஸில் அவருடைய அயர்லாந்து மசோதாவைத் தோற்கடித்துப் பழிதீர்த்தார்கள். நான்கே நாளில் பதவி விலகினார். தெரிந்தே கொடுத்த விலை இது. இதைத் துரோகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவர்மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. வரியை உடனே எடுக்காமல் 1849 வரை படிப்படியாகக் குறைத்தார். பசியில் கிடந்த அயர்லாந்துக்கு அது உதவவில்லை. அதைக் கட்டுரையில் கேட்டிருந்தால் நியாயம்.

விலகும்போது ஆற்றிய உரையில், நெற்றி வியர்வை சிந்தி உழைப்பவர்களின் வீடுகளில், வரியில்லாத உணவை அவர்கள் உண்ணும்போது, தன் பெயர் எப்போதாவது அன்போடு நினைக்கப்படலாம் என்றார். 1850 ஜூன் 29-ல் குதிரையிலிருந்து விழுந்தார். ஜூலை 2-ல் இறந்தார். அவர் நினைவு நிதிக்குத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பென்னி போட்டார்கள்.

அடுத்த இதழில் அந்தச் சட்டத்தின் பெயரையாவது திருத்தி வெளியிடுங்கள். மாணவர்களும் படிக்கும் இதழ் இது.

அன்புடன்,
ஒரு வாசகர், திண்டுக்கல்